எச்சில் கரண்டியும் ஜவ்வரிசிக் கூழும்

சேலத்தில் வெயில் ஏறியதும் மொட்டை மாடியில் வேட்டி விரித்து ஜவ்வரிசி வடகம் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு கண்டிப்பு உண்டு: உப்பு பார்த்த கரண்டியைத் திரும்பப் போசிக்குள் விடக் கூடாது. “எச்சி பட்டா கூழு நீத்துப் போயிரும் கண்ணு” என்பார் ஆயா. சும்மா மிரட்டல் என்றுதான் நினைத்திருந்தேன். போன கோடையில் சோதித்துப் பார்த்தேன்.

ஜவ்வரிசியைக் குழைய வேகவைத்து, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றினேன். ஒன்றில் ஒரு ஸ்பூன் எச்சில், மற்றதில் அதே அளவு தண்ணீர். பத்து நிமிடம் கழித்துச் சாய்த்தால், தண்ணீர் விட்டது கட்டியாக, சோம்பலாக இறங்கியது. எச்சில் விட்டது மோர் மாதிரி ஓடியது!

குச்சிக்கிழங்கை அரைத்து, அந்தப் பாலைத் தெளியவைத்து எடுத்த மாவுதான் ஜவ்வரிசி ஆகிறது. கிட்டத்தட்ட முழுக்க ஸ்டார்ச். குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீளச் சரம் என்று ஸ்டார்ச்சை நினைத்துக்கொள்ளலாம். சரங்கள் ஒன்றோடொன்று சிக்கித் தண்ணீரைப் பிடித்துவைப்பதால்தான் கூழ் கெட்டியாக நிற்கிறது. எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, சரத்தின் நுனியிலிருந்து மணிமணியாக உருவுவதில்லை. நடுவே கண்ட இடத்தில் வெட்டுகிறது. நாலு வெட்டு விழுந்தாலே சிக்கு விட்டுப்போகும். அதனால் கூழ் முதலில் நீர்க்கிறது, இனிப்பு பிறகுதான் தெரிகிறது. அதற்கு இரண்டு மணித் துண்டுகள், அதாவது மால்டோஸ், போதுமான அளவு சேர வேண்டும். சோற்றை வெகுநேரம் மென்றால் லேசாக இனிப்பது இப்படித்தான். மால்டோஸைக் குளுக்கோஸாக உடைப்பது சிறுகுடல் சுவரில் உள்ள வேறு நொதி.

பச்சை மாவில் இவ்வளவு வேகம் இருக்காது. அதில் சரங்கள் குருணைக்குள் இறுக அடுக்கிக் கிடக்கின்றன. வேகும்போது குருணை ஊதி உடைந்தால்தான் நொதிக்கு வழி கிடைக்கும்.

விழுங்கியதும் வேலை நின்றுவிடாது. இரைப்பை அமிலம் கவளத்துக்குள் ஊறும்வரை உள்ளே வெட்டு நடக்கும். அப்புறம் கணையம் தன் அமைலேஸை அனுப்புகிறது. பெரும்பகுதி வேலை அதனுடையதுதான்.

ஆயா பேச்சில் ஒரு திருத்தம் உண்டு. அமைலேஸ் ஒரு புரதம். கொதிக்கும் கூழில் விழுந்தால் வெந்து செத்துப்போகும். ஆனால் நாங்கள் ராத்திரியே கூழ் காய்ச்சி, ஆறவைத்து, விடிந்ததும் ஊற்றுவோம். வெட்டி வெட்டியும் தேயாத கத்தி அந்த நொதி. ஆறிய கூழில் கரண்டியோடு போனால், விடியும்வரை அதற்கு நேரம் கிடைக்கிறது.