பிள்ளை வசக்கல்: ‘சைல்ட் டிரெய்னிங்’ என்ற தொடரின் பொருளும் வரலாறும்

அமெரிக்காவின் அடிப்படைவாதக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் ‘சைல்ட் டிரெய்னிங்’ என்ற தொடரைத் தமக்கே உரிய பொருளில் ஆள்கின்றனர். பெற்றோர் சொன்னதை முதற்சொல்லிலேயே, மறுபேச்சின்றி, முகமும் கோணாமல் செய்யும்படி, பேச்சு வராத பருவத்திலிருந்தே பிள்ளையை அடியால் பழக்குவது என்பதே அப்பொருள். இதைக் ‘குழந்தைப் பயிற்சி’ என்று தமிழில் எழுதினால், நீச்சல் பயிற்சி, தட்டச்சுப் பயிற்சி என்ற வரிசையில் அதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே நடப்பது என்ன என்பது வாசகருக்குத் தெரியாமலேயே போய்விடும்.

நடப்பதை ஒரு முறையைக் கொண்டு காட்டலாம். தவழத் தொடங்கிய குழந்தையைத் தரையில் விரித்த சிறு போர்வையின்மேல் உட்கார வைக்கிறார்கள். அதற்குப் பிடித்த பொம்மையை, கை எட்டுவதற்குச் சற்று அப்பால், விரிப்புக்கு வெளியே வைக்கிறார்கள். குழந்தை பொம்மையை நோக்கி விரிப்பின் ஓரத்தைத் தாண்டியதும் ‘கூடாது’ என்ற ஒரு சொல்லும், கையிலோ தொடையிலோ ஓர் அடியும் விழுகின்றன. மீண்டும் நடுவில் வைக்கிறார்கள். மீண்டும் தாண்டினால் மீண்டும் அடி. பொம்மை கண்ணெதிரே கிடந்தாலும் குழந்தை அசையாமல் இருக்கும்வரை இது தொடர்கிறது. இதற்குப் ‘பிளாங்கெட் டிரெய்னிங்’ என்று பெயர். அடிக்கும் தாய் கோபப்படக் கூடாது, குரலை உயர்த்தக் கூடாது என்பதும் விதியின் ஒரு பகுதி. குழந்தை தவறு செய்யும்வரை காத்திருக்காமல், தவறுவதற்கான சூழலைப் பெற்றோரே அமைத்துத் தருவதைத்தான் இவர்கள் ‘டிரெய்னிங்’ என்கிறார்கள். பிழைக்குத் தரும் தண்டனையிலிருந்து இதைப் பிரித்தே பேசுகிறார்கள். என் பார்வையில், இந்த முறையின் கொடுமை முழுவதும் அந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது. குற்றமே செய்யாத குழந்தைக்கு விழும் அடி இது.

இத்தொடருக்கு வேதாகமத்தில் காட்டப்படும் மூலம் நீதிமொழிகள் 22:6. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அங்கே ‘டிரெய்ன் அப்’ என்ற வினையை வைத்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்னர் வந்த ஜெனீவா மொழிபெயர்ப்பில் ‘கற்பி’ என்ற பொருளுடைய எளிய வினைதான் இருந்தது. ‘டிரெய்ன்’ என்ற சொல்லோ ‘இழு’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கொடியை இழுத்துக் கட்டி வளர்ப்பதற்கும், பின்னர் ஆளையும் விலங்கையும் பழக்குவதற்கும் ஆகிவந்தது. எபிரேய மூலத்தில் உள்ள வினை ‘ஹானாக்’. புதுவீட்டைப் பிரதிஷ்டை செய்வதற்கும், சாலொமோன் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்ததற்கும் வேதாகமம் ஆளும் வினை அதுவே. யூதரின் ஹனுக்கா பண்டிகையின் பெயரும் அதன் வழி வந்தது. தொடங்கி வைத்தல், அர்ப்பணித்தல் என்ற சாயல் அதில் உண்டு. அடியின் சாயல் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு இவ்விடத்தில், ‘பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து’ என்கிறது. நடப்பவன் பிள்ளை, உடன் நின்று நடத்துபவர் பெற்றோர். ஆங்கில வாசகருக்கு அமையாத தெளிவு இவ்வகையில் தமிழ் வாசகருக்கு அமைந்திருக்கிறது.

அடிக்கு ஆதாரமாகக் காட்டப்படுபவை வேறு வசனங்கள்: நீதிமொழிகள் 13:24, 22:15, 23:13-14, 29:15. இவை எல்லாவற்றிலும் தமிழில் ‘பிரம்பு’ என்று வரும் சொல் எபிரேயத்தில் ‘ஷேபெத்’. இதே சொல்லுக்குத் தமிழ் வேதாகமம் இடத்துக்கு இடம் வெவ்வேறு சொற்களை வைத்துள்ளது. 23ஆம் சங்கீதத்தில் ‘உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்’ என்று மேய்ப்பன் கையில் வரும் கோல் இதுவே. ஆதியாகமம் 49:10இல் யூதாவைவிட்டு நீங்காத செங்கோலும் இதுவே. 2 சாமுவேல் 7:14இல் இது மிலாறு, அதாவது அடிக்கும் மெல்லிய குச்சி, ஆகிறது. இஸ்ரவேலின் கோத்திரங்களைக் குறிக்கவும் இச்சொல் வருகிறது. நீதிமொழிகளில் வருவது அடிக்கும் கோல் அன்று என்று வாதிட நான் வரவில்லை. 23:13 ‘அவனைப் பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்’ என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் எந்த வயதுக் குழந்தையை, எதனால், எத்தனை அடி, எப்போது நிறுத்துவது என்ற செய்முறை எதுவும் அவ்வசனங்களில் இல்லை. அது முழுவதும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தது. ஆங்கிலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கும் ‘பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெடும்’ என்ற வரிகூட வேதாகமத்தில் அந்த உருவில் இல்லை. அது 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பட்லர் எழுதிய அங்கதக் கவிதையில் வருவது.

இன்னொரு சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். 22:15இல் ‘தண்டனையின் பிரம்பு’ என்று வரும் இடத்தில் ‘தண்டனை’க்கு மூலச்சொல் ‘மூசார்’. அதே நூலின் முதல் அதிகாரத்தில் ‘உன் தகப்பன் புத்தியைக் கேள்’ என்ற இடத்தில் ‘புத்தி’க்கு மூலமும் அதே ‘மூசார்’தான். எபிரெயர் 12ஆம் அதிகாரத்தில் ‘சிட்சை’ என்று வருவதற்குக் கிரேக்க மூலம் ‘பைதேயா’. பிள்ளை என்ற சொல்லடியாகப் பிறந்து, கிரேக்கருக்குக் கல்வி முழுவதையும் குறித்த சொல் அது. தமிழின் சிட்சையும் கற்றலைக் குறித்த வடசொல்லான ‘சிக்ஷா’விலிருந்து வந்து, கற்பித்தல், தண்டனை என்ற இரு பொருளையும் தாங்கி நிற்கிறது. ஆகவே ‘சைல்ட் டிரெய்னிங்’ என்பதைச் சிட்சை என்று பெயர்ப்பது தவறாகும். போதனையையும் உள்ளடக்கிய ஒரு வேதச்சொல்லை, அடி ஒன்றையே கருவியாகக் கொண்ட முறைக்குத் தானம் செய்வதாகிவிடும்.

இம்முறைக்கு நீண்ட முன்வரலாறு உண்டு. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா வெஸ்லி, தம் பிள்ளைகளை வளர்த்த விதத்தை 1732 ஜூலையில் மகனுக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். பிள்ளையின் மனத்தை உருவாக்க முதலில் அதன் சுயசித்தத்தை வெல்ல வேண்டும் என்றும், ஒரு வயதாகும்போதே தம் குழந்தைகள் பிரம்புக்கு அஞ்சவும் சத்தமின்றி அழவும் கற்றுக்கொண்டன என்றும் அவர் எழுதியுள்ளார். 19 பிள்ளைகளைப் பெற்று, பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்த தாயின் எழுத்து அது. நரகத்திலிருந்து பிள்ளையின் ஆத்துமாவைக் காக்கிறோம் என்ற உண்மையான நம்பிக்கை அதில் இருக்கிறது; இன்றைய பெற்றோரிடமும் அந்நம்பிக்கை இருப்பதை மறுக்க முடியாது.

20ஆம் நூற்றாண்டில் இது வணிகமாகவும் இயக்கமாகவும் வளர்ந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் டாப்சன், பிடிவாதக் குழந்தைகளைப் பற்றி 1978இல் வெளியிட்ட நூலில், தம் வீட்டு நாயைப் பெல்ட்டால் அடித்துப் பணிய வைத்த கதையைச் சொல்லி, குழந்தையும் அவ்வாறே அதிகாரத்தை எதிர்த்துப் பார்க்கும் என்று எழுதினார். எனினும், கைக்குழந்தைகளை அடிக்கக் கூடாது என்ற வரம்பை அவர் வைத்திருந்தார். டென்னசியைச் சேர்ந்த மைக்கேல், டெபி பெர்ல் தம்பதியர் 1994இல் தாமே அச்சிட்ட நூலில் அந்த வரம்பும் இல்லை. நவீன வசதிகளைப் பெரிதும் ஒதுக்கி வாழும் கிறிஸ்தவப் பிரிவினரான அமிஷ் மக்கள் முரட்டுக் கோவேறு கழுதைகளைப் பழக்கும் அதே நெறிகளையே தாங்கள் சொல்வதாக அந்நூல் தொடக்கத்திலேயே அறிவிக்கிறது. தண்ணீர்க் குழாய் இணைப்புக்குக் கடைகளில் விற்கும் கால் அங்குல நெகிழிக் குழாயை அடிக்கும் கருவியாகப் பரிந்துரைத்தவர்களும் இவர்களே. மலிவானது, சுருட்டிப் பையில் வைத்துக்கொள்ளலாம் என்பன அதன் சிறப்புகள். 2011க்குள் அந்நூல் 6 இலட்சம் படிகளுக்கு மேல் அச்சாகியிருந்தது.

2010இல் கலிஃபோர்னியாவில், லைபீரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட 7 வயதுச் சிறுமி ஒருத்தி பெற்றோர் அடித்ததில் இறந்தாள். அடிக்கப் பயன்பட்டது அதே வகைக் குழாய். 2011இல் வாஷிங்டன் மாநிலத்தில், எத்தியோப்பியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட சிறுமி, பட்டினியிலும் குளிரிலும் வாடி வீட்டின் கொல்லைப்புறத்தில் இறந்தாள். இரு வீடுகளிலும் அந்நூல் இருந்தது. இரு வழக்குகளிலும் பெற்றோர் நீண்ட சிறைத்தண்டனை பெற்றனர். தாங்கள் கற்பித்தது இதுவன்று என்று நூலாசிரியர்கள் பொறுப்பை மறுத்தனர். ஆனால் பிள்ளை முற்றாகப் பணியும்வரை அடியை நிறுத்தாதே என்று எழுதியவர்கள், பணியாத பிள்ளைக்கு என்ன நேரும் என்பதையும் எண்ணியிருக்க வேண்டும்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வரலாம். காளைக்கன்றை முதன்முதலாக நுகத்தில் பூட்டி, அடித்தும் அதட்டியும் ஏருக்குப் பழக்குவதை உழவர் ‘வசக்குதல்’ என்பர். தன்வசப்படுத்துதல், பழக்குதல் என்பன அதன் பொருள்கள். கழுதையையும் நாயையும் முன்மாதிரியாகக் கொண்டு, விளக்கத்துக்கு இடம் தராமல், உயிரொன்றின் விருப்பத்தை மற்றவரின் வசத்துக்குக் கொண்டுவரும் இம்முறைக்கு இதைவிடப் பொருத்தமான வினை தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ‘சைல்ட் டிரெய்னிங்’ என்பதற்குப் ‘பிள்ளை வசக்கல்’ என்றும், ‘பிளாங்கெட் டிரெய்னிங்’ என்பதற்கு ‘விரிப்பு வசக்கல்’ என்றும் எழுதலாம். மாட்டுக்குரிய சொல்லைப் பிள்ளைக்கு ஆள்வது தகுமா என்று சிலர் கேட்கலாம். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியை வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளை நோக்கியே சொல்லிவந்தவர்கள் நாம். அந்தத் தகாமையை மறைக்காமல் காட்டுவதனாலேயே இச்சொல் பொருந்துகிறது.

உடன் வரும் தொடர்களில், ‘பிரேக்கிங் தி வில்’ என்பதற்குக் கிறிஸ்தவத் தமிழிலேயே வழங்கும் சொல்லைக் கொண்டு ‘சுயசித்தம் முறித்தல்’ எனலாம். ‘ஸ்விட்ச்’ என்னும் மெல்லிய குச்சிக்கு மிலாறு என்ற வேதாகமச் சொல்லும், விளார் என்ற ஊர்வழக்கும் இருக்கின்றன.

தவிர்க்க வேண்டிய சொல் ‘கண்டிப்பு’. தமிழில் அது அன்பை விட்டு விலகாத சொல். கண்டிப்பான ஆசிரியரை நன்றியோடு நினைப்பவர்கள் நம்மிடையே பலர். மேற்சொன்ன மரணங்களைப் பற்றி எழுதும்போது ‘கண்டிப்பு எல்லை மீறியது’ என்று எழுதுவதும் பிழை. பிள்ளையின் முழுச் சரணாகதியை மட்டுமே எல்லையாக வகுத்த முறையில், மீறுவதற்கு வேறோர் எல்லை இருக்கவில்லை.