அக்கிக்குப் பின் வரும் நரம்பு வலியும் வெப்பப் படமும்

செங்கோட்டையில் வலி சிகிச்சை பார்க்கும் என்னிடம், அக்கி கண்டவர்கள் முதல் ஆளாக வருவது அபூர்வம். காவி குழைத்து அக்கி எழுதுபவரிடம் போய்விட்டு, கொப்புளம் காய்ந்து உதிர்ந்த பிறகும் எரிச்சல் நிற்காததால் மாதக்கணக்கில் தாமதித்து வருகிறார்கள். எழுதினாலும் எழுதாவிட்டாலும் அக்கிக் கொப்புளம் 2 முதல் 4 வாரத்தில் ஆறிவிடும் என்பதுதான் அந்த நம்பிக்கை இத்தனை தலைமுறையாக நிலைத்திருப்பதற்குக் காரணம். கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்க வேண்டும் என்பதையும், நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அக்கி எழுதிக்கொள்ளப் போகிறவர்கள் அறிந்திருந்தால், அந்தக் காவியோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை.

ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை பார்த்த ஓர் ஆச்சியை, அக்கி வந்து நான்கு மாதம் கழித்துப் பேரன் அழைத்து வந்தார். இடது மார்புக்குக் கீழே தொடங்கி முதுகுவரை பட்டையாக வலி. "மாராப்பு பட்டாலே தீயை வச்சுத் தேச்ச மாதிரி இருக்குய்யா" என்றார் ஆச்சி. பேரனுக்கோ வேறு கேள்வி: "கேமராவுல வலி தெரியுமாமே டாக்டர்?"

வலி தெரியாது; தோலின் சூடுதான் தெரியும். சிறுவயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ், முதுகுத் தண்டின் ஓரத்திலுள்ள உணர்நரம்பு முடிச்சுகளில் பல்லாண்டு உறங்கிக் கிடந்து, வயதாகி எதிர்ப்பு சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியாக வெளியே வருவதே அக்கி. அப்போது அந்த நரம்பு சேதமடைந்து, 90 நாள் கடந்தும் வலி நீடித்தால் அதை அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி என்கிறோம். தோலின் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவதிலும் குறைப்பதிலும் நுண்ணிய நரம்பு இழைகளுக்குப் பங்குண்டு என்பதால், நரம்பு கெட்டால் அந்தப் பட்டையின் வெப்பநிலையும் மாறக்கூடும். வெப்பக் கேமரா உடம்புக்குள் எந்தக் கதிரையும் செலுத்துவதில்லை. தோலிலிருந்து இயல்பாக வெளிப்படும் அகச்சிவப்புக் கதிரைப் பதிவு செய்து, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க உதவுகிறது. ஆரோக்கியமான உடம்பில் இவ்விரண்டும் பெரும்பாலும் அரை டிகிரி செல்சியஸுக்குள் ஒத்துப்போகும்.

இத்தனை சிறிய வித்தியாசத்தைத் தேடும்போது எதுவும் குழப்பிவிடும். சாரல் காலத்தில் என்னிடம் வருபவர்களில் சிலர், வந்ததுதான் வந்தோம் என்று குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு நேராகப் படம் எடுக்க வந்து நிற்பார்கள்; அவர்களை மறுநாள் வரச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. காவிப் பூச்சு, களிம்பு, வலிக்கு ஒட்டும் மருந்துப் பட்டை எதுவும் தோலில் இருக்கக் கூடாது. காப்பியும் பீடியும் சில மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். காற்று நேராக வீசாத அறையில், துணியை விலக்கி 15 முதல் 20 நிமிடம் உட்கார்ந்த பிறகே படம் எடுக்கிறோம்.

ஆச்சிக்கு வலியிருந்த பட்டைத் தோல் எதிர்ப்பக்கத்தைவிட 0.9 டிகிரி சூடாக இருந்தது. பஞ்சால் தொட்டபோதும் அங்கேதான் துடித்தார். நரம்பு முனைகள் எரிச்சலுற்றுத் தோலின் ரத்த நாளங்களை விரியச் செய்திருக்கலாம் என்று இதைப் படிக்கிறேன். இப்படிப்பட்டவர்களுக்கு தோலில் ஒட்டி மரத்துப்போகச் செய்யும் லிடோகெயின் பட்டை போல மேலிருந்து வேலை செய்யும் மருந்தை முதலில் முயல எனக்கு ஒரு துணிவு கிடைக்கிறது. இதற்கு மாறாக, வலியுள்ள தோல் குளிர்ந்து, ஊசியால் குத்தினாலும் உறைக்காமல், ஆனால் உள்ளே ஓயாமல் குடைகிறது என்பவர்களும் உண்டு. அவர்களிடம் இழைகளே பெருமளவு அழிந்திருக்கக்கூடும். இரு பக்கமும் ஒரே சூடாக இருந்து, வலி மட்டும் கடுமையாக இருப்பவர்களும் உண்டு. அத்தகைய ஒருவரிடம், படத்தில் ஒன்றும் இல்லை, மனப்பிரமை என்று வேறோர் இடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அது படத்தைப் படிக்கத் தெரியாத பேச்சு. இந்த நோயை அறிவது வலி வந்த கதையாலும் தழும்பாலும் தொட்டுப் பார்ப்பதாலும்தான். படம் அதற்குத் துணைச் சான்று மட்டுமே.

படத்தின் சிவப்பைக் கண்டு பதறுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நிறம் தோலின் நிறமல்ல, மென்பொருள் கொடுப்பது. நிறங்கள் பிரித்துக் காட்டும் வெப்ப அளவுகோலை 10 டிகிரியிலிருந்து 4 டிகிரியாகச் சுருக்கினால் அதே முதுகு தீப்பிடித்ததுபோலத் தெரியும். ஆகவே அறிக்கையில் நிறத்தைப் பார்க்காமல், இரு பக்கத்துக்குமான வித்தியாசம் எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

மூன்று மாதம் கழித்து ஆச்சிக்கு மறுபடியும் படம் எடுத்தபோது வித்தியாசம் 0.4 ஆகக் குறைந்திருந்தது. பேரன் மகிழ்ந்து, வலிக்கு நான் கொடுத்திருந்த இரவு மாத்திரையை நிறுத்திவிடலாமா என்றார். பகலில் சேலை உடுத்த முடிகிறது, இரவில் மட்டும் இன்னும் புரண்டு படுக்க முடியவில்லை என்றார் ஆச்சி. இரவு மாத்திரையை அப்படியே தொடர எழுதிக் கொடுத்தேன்.