சகோதரிக் கப்பல் என்றாலும் வாயும் வயிறும் வேறு

போன வாரம் மறுபடியும் அதே கதை. ஒரு பழைய போர்க்கப்பலின் ஹைட்ராலிக் வால்வுக்குப் புது கேஸ்கட் (கசிவைத் தடுக்க இணைப்பில் வைக்கும் தகடு) வந்தது. பெட்டியில் பார்ட் நம்பர் சரி, டிராயிங்கிலும் அதே நம்பர். வைத்துப் பார்த்தால் ஒரு போல்ட் துளை அரை விரல் தள்ளி நிற்கிறது. "அதே கிளாஸ் கப்பல்லேருந்து எடுத்ததுதானே சார்?" என்கிறார் பொருத்த வந்தவர். இந்த வருடத்தில் இது நான்காவது தடவை. பொறுத்தது போதும் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரே வடிவமைப்பில் கட்டிய கப்பல்களின் கூட்டத்தைச் சொல்லும் "கிளாஸ்" என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஒரே அச்சில் அறுத்த செங்கல் மாதிரி எல்லாக் கப்பலும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். விமானந்தாங்கிக் கப்பல்கள் விஷயத்தில் இது சுத்தத் தவறு. பிரிட்டனின் மெஜஸ்டிக் கிளாஸில் மொத்தம் ஆறு கப்பல்கள், எல்லாம் உலகப்போர் நடக்கும்போது கட்டத் தொடங்கியவை. அதில் ஒன்று 1948-இல் ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' ஆனது, மேல்தளம் நேர்த்தளம். இன்னொன்று 1955-இல் அதே நாட்டின் 'மெல்போர்ன்' ஆனது. அதற்குள் சாய்ந்த தளமும் (விமானம் இறங்கும் பாதை கப்பலின் நீளத்துக்குக் கோணலாகத் திரும்பியது), விமானத்தை உந்தி எறியும் நீராவி கேட்டபல்ட்டும் வந்துவிட்டன. மூன்றாவது 'ஹெர்குலிஸ்'. 1945-இல் தண்ணீரில் இறங்கி, மறு வருடமே வேலை நின்றுபோய், பாதிக் கப்பலாகவே கிடந்தது. 1957-இல் இந்தியா வாங்கி, 1961-இல் 'விக்ராந்த்' ஆக்கியது. பின்னாளில் சீ ஹாரியர் போர் விமானத்துக்காக முகப்பை மேல்நோக்கி வளைத்து, கேட்டபல்ட்டையும் கழற்றினார்கள். இந்த ஒரு கப்பலுக்கு எந்த வருடத்து டிராயிங்கைப் பார்ப்பீர்கள்?

தளம் சாய்ந்தது என்றால் பெயிண்ட் கோடு மட்டும் சாய்ந்தது என்று அர்த்தமில்லை. இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடங்கள் திரும்பும். அவை ஓடும் கப்பிகள் இடம் மாறும். அதற்கேற்ப கீழே குழாயும் மாறும், அந்தக் குழாயில் இருக்கும் வால்வும் மாறும். உங்கள் கையில் இருக்கும் கேஸ்கட் அந்த வால்வுடையது!

"டச்சுக்காரர்கள் மட்டும் ஒரு கப்பலின் பாகத்தை இன்னொன்றுக்கு மாற்றினார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். 1968-இல் அவர்களுடைய 'கரேல் டோர்மன்' கப்பலின் பாய்லர் அறை தீப்பிடித்தது. கட்டி முடிக்கப்படாமலே கிடந்த 'லெவியதான்' கப்பலின் பாய்லர்களை எடுத்து அதில் பொருத்தினார்கள். அப்புறம் 'கரேல் டோர்மன்' அர்ஜென்டினாவுக்குப் போய், கடைசிக் காலத்தில் தன் பாகங்களைப் பிரேசிலின் 'மினாஸ் ஜெரைஸ்' கப்பலுக்குக் கொடுத்தது. ஆனால் அந்தக் கப்பல்களின் இயந்திர அறை அடிப்படை ஏறக்குறைய ஒன்று. அதோடு, பாய்லர் மாற்றும் வேலையெல்லாம் கப்பல் கட்டும் தளத்தில் அங்குலம் அங்குலமாக அளந்து செய்வது. ஸ்டோரிலிருந்து எடுத்து வந்து, இடுக்கில் படுத்துக்கொண்டு, சுத்தியலால் தட்டி உட்கார வைப்பதில்லை.

அப்படித் தட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். 2016 மார்ச்சில் அமெரிக்காவின் 'ஐசனோவர்' கப்பலில், பராமரிப்பு வேலையில் விதிமுறைப்படி செய்யவேண்டிய படி விட்டுப்போனதால், தரையிறங்கிய விமானத்தை நிறுத்தும்போது வடம் அறுந்தது. தளத்தில் நின்ற எட்டுப் பேருக்குக் காயம். தப்பு நடந்தது தளத்துக்குக் கீழே. அடி வாங்கியவர்கள் மேலே நின்றவர்கள்.

சரி, செய்யவேண்டியது இவ்வளவுதான். கழற்றிய பழைய பாகத்தை முதலில் அளந்து எழுதுங்கள், அதற்கப்புறம் ஸ்டோருக்குப் போங்கள். பார்ட் நம்பரின் வாலில் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் படியுங்கள், அது அலங்காரத்துக்கு இல்லை. கிளாஸின் டிராயிங் போதாது. அந்தக் கப்பலுக்கே உரிய மாற்றப் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் கிடைக்கும்வரை கேளுங்கள். ரப்பர் சீல் என்றால் உறையில் இருக்கும் தேதியைப் பாருங்கள். திறக்காத உறைக்குள்ளேயும் ரப்பருக்கு வயதாகும். விரலால் மடக்கும்போதே வெடித்த சீலைக் கையில் பிடித்திருக்கிறேன்.

புதுசு ஓடி நிலைக்கும்வரை பழையதைக் குப்பையில் போடாதீர்கள். ஏதாவது மாற்றினால், உங்கள் கையெழுத்திலேயே பதிவேட்டில் ஒரு வரி எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து அதே இடுக்கில் டார்ச்சோடு படுத்திருக்கப் போகும் பையனுக்கு வேறு துணை கிடையாது.