மலேசியச் சமூகக் கல்லூரி (கோலேஜ் கொமுனிட்டி) கணினி வகுப்பு: கவுண்டரில் சொல்லாததை இங்கே சொல்கிறேன்

எங்கள் பட்டணத்துக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்து அக்கா ஒருவர், மகனைக் கணினி வகுப்பில் சேர்க்க, அவனுடைய எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) தாளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு மூன்று அலுவலகம் ஏறி இறங்கினார். எல்லாக் கவுண்டரிலும் ஒரே பதில்: "ஆன்லைன்ல போடுங்க." அந்த வீட்டில் இருப்பது திரை கீறிய ஒரே ஒரு கைப்பேசி. கணினி படிக்கப் போகிறவன் கணினி வைத்திருந்தால்தான் மனுவே போடலாம் போல!

சரி. 2001-இல் தொடங்கிய இந்தச் சமூகக் கல்லூரிகளில் இரண்டு வாசல் உண்டு. முழுநேரச் சான்றிதழ் படிப்புக்கு எஸ்.பி.எம். வேண்டும், மனு யூபியூ ஆன்லைன் என்ற அரசு உயர்கல்விச் சேர்க்கை இணையத்தளத்தில். இன்னொன்று குர்சுஸ் பெண்டெக், அதாவது குறுகியகாலப் பயிற்சி. வேர்ட், எக்செல் எல்லாம் இதில் வரும், எஸ்.பி.எம். இல்லாத அம்மாவும் போகலாம். "கணினி வகுப்பு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள், அதனால் குர்சுஸ் பெண்டெக் என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். ஆனால் அதில் கிடைக்கும் தாள் முழுநேரச் சான்றிதழுக்கு ஈடாகாது. இதைப் பையன்கள் வேலை தேடும்போதுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

அடுத்த கண்ணி, மலாய் மொழியும் வரலாறும். இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும், மற்ற பாடங்களில் என்ன வாங்கினாலும் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. விட்ட பாடத்தை மறுபடி எழுதலாம் என்று பள்ளியில் யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் மின்னஞ்சல். கடைக்காரர் மனு நிரப்பிக் கொடுத்தால் அவருடைய மின்னஞ்சலைப் போட விடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இடம் கிடைத்த செய்தி கடைக்காரரின் மின்னஞ்சல் பெட்டியிலேயே கிடந்து, பதில் சொல்லும் தேதியும் போய்விட்டது. சொந்த மின்னஞ்சல், சொந்தக் கடவுச்சொல், இரண்டையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

இலவச மடிக்கணினி என்று புலனத்தில் (வாட்சப்) வரும் இணைப்பில் ஐசி (அடையாள அட்டை) எண்ணைத் தட்டாதீர்கள். பெராந்தி சிஸ்வா என்ற அரசுத் திட்டத்தில் 2022-இல் பி40 (குறைந்த வருமானக் குடும்பத்து) மாணவருக்கு மனு திறந்தது டேப்லட்டுக்குத்தான்.

வீட்டில் கணினி இல்லாதவர்கள் பக்கத்தில் நாடி என்ற அரசு இணைய மையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், முன்பு பெடி என்பார்களே அதுதான். மனுவும் போடலாம், தட்டச்சும் பழகலாம்.

போதிய ஆள் சேராவிட்டால் குர்சுஸ் பெண்டெக்கைத் தள்ளிப்போடுவார்கள், உங்களிடம் சொல்ல மறந்தும் போவார்கள். வேலைக்கு லீவு போடும் முன் போன் பண்ணிக் கேளுங்கள். அந்த அக்காவுக்கு அப்படித்தான் ஒரு நாள் சம்பளம் போனது.