கணவர் இருக்கும் துறையில் மனைவி விண்ணப்பிக்கலாமா?

திருவாரூர் பேருந்து நிலையத்தில் நீலக்குடி வண்டிக்குக் காத்திருந்தபோது ஒரு பெண் கேட்டார்: "சார், எங்க வீட்டுக்காரர் வேலை பார்க்கிற துறையிலேயே உதவிப் பேராசிரியர் இடம் வந்திருக்கு. புருஷன் இருக்கிற இடத்துல பொண்டாட்டிக்குத் தர மாட்டாங்க, போடாதேன்னு சொல்றாங்க." மடியில் முனைவர் பட்டச் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் உறை.

போடுங்கள் அம்மா, தாராளமாகப் போடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை தகுதியையும் தேர்வுக் குழுவையும் பற்றிப் பேசுகிறது. தம்பதி ஒரே துறையில் இருக்கக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. அரசுப் பணியில் சம வாய்ப்பு தரும் அரசியல் சட்டத்தின் 16(1) பிரிவு, கல்யாணம் ஆனவருக்கும் உண்டு. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதன் பணி விதியை எழுத்தில் காட்டச் சொல்லுங்கள்.

கட்டுப்பாடு தேர்வுக் குழுவின் உள்ளே இருப்பவருக்குத்தான். காஷ்மீர் வனத்துறைத் தேர்வு ஒன்றில், விண்ணப்பித்தவரே தேர்வுக் குழுவிலும் இருந்தார். தன் பெயர் வந்தபோது எழுந்து போனார். போட்டியாளர்களின் பெயர் வந்தபோது உட்கார்ந்திருந்தார். 1969-இல் கிரைபக் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வையே ரத்து செய்தது. 1985-இல் அசோக் குமார் யாதவ் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: இப்படிப்பட்ட குழுவில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் விண்ணப்பித்தால், அவருடைய நேர்காணலுக்கு மட்டும் விலகினால் போதாது. முழுத் தேர்விலிருந்தும் விலகி, வேறொருவரை நியமிக்கக் கேட்க வேண்டும். நியாயம்தானே? மனைவிக்கு மதிப்பெண் போடாமலே, எதிரே வருபவருக்குக் குறைத்துவிட முடியும்.

கணவர் சாதாரண ஆசிரியர் என்றால் சிக்கல் குறைவு. துறைத்தலைவர் என்றால், பதவி வழியாகவே குழு உறுப்பினர் ஆகிவிடுவார். அவர் விலகினால் தேர்வு நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வெளி வல்லுநர் 2 பேர் உட்பட 4 பேர் இருந்தாலே குழு கூடலாம்.

விண்ணப்பம் போன அன்றே கணவர் பதிவாளருக்கு எழுதிவிட வேண்டும்: "என் மனைவி இப்பணியிடத்துக்கு விண்ணப்பித்துள்ளார். விண்ணப்பப் பரிசீலனை முதல் நேர்காணல் வரை எதிலும் நான் பங்கேற்க மாட்டேன்." தபால் பிரிவில் முத்திரை வாங்கிய நகல் வீட்டில் இருக்கட்டும். வேலை கிடைத்தபின் யாராவது வழக்குப் போட்டால் அந்த ஒரு தாள்தான் துணை.

அப்புறம், கணவன் மனைவியை ஒரே ஊரில் பணியமர்த்தச் சொல்லும் மத்திய அரசின் 2009 உத்தரவை விண்ணப்பத்தில் காட்டாதீர்கள். அது ஏற்கெனவே பணியில் இருப்பவர்களை எங்கே அமர்த்துவது என்பது பற்றியது, புதிதாக வேலை தருவதற்கானது இல்லை.

அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கவில்லை என்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி உங்கள் மதிப்பெண்ணைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.