கல்லின் கறுப்பு நிறம் ஆழத்துக்குச் சாட்சியாகாது

மகா ஓயா வெந்நீரூற்றைப் பார்த்துத் திரும்பும் மாணவர்கள், அங்கே பொறுக்கிய கருநிறக் கல்லொன்றை என் மேசையில் வைத்து, "சேர், கீழே எரிமலை இருக்குதா?" என்று கேட்பதுண்டு. மட்டக்களப்பு, அம்பாறை மண்ணுக்கு அடியில் இருப்பது விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறை. அங்கே எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான புவிவெப்பத்தால் சூடேறி மேலே வருவதே அந்த வெந்நீர். ஆனாலும் இதே விஜயன் பாறையை ஊடறுத்துச் சுவர்போல் நிற்கும் டொலரைட் எனும் கருநிறப் பாறைகள், ஒரு காலத்தில் மேலோட்டுக்குக் கீழேயுள்ள தடித்த பாறைப் படையான மூடகத்திலிருந்து குழம்பாக ஏறி வந்தவைதான்.

எது எங்கிருந்து வந்தது என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. மனிதர் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில் உள்ளது, 12 கிலோமீற்றரைச் சற்றே தாண்டுகிறது. மூடகமோ ஏறத்தாழ 2,900 கிலோமீற்றர் ஆழம்வரை செல்கிறது. ஆகவே எரிமலைக் கல்லின் வேதியியலையே நம்ப வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி ஹீலியம். ஹீலியம்-4 யுரேனியமும் தோரியமும் சிதைவதால் இன்றும் உருவாகிக்கொண்டிருக்க, ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி பிறந்தபோதே அகப்பட்ட மிச்சம். நடுக்கடல் முகடுகளின் பசால்ட் எனும் எரிமலைப் பாறையில் ஹீலியம்-4 இற்கு ஹீலியம்-3 இன் விகிதம் காற்றிலுள்ளதைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு. ஹவாயின் லோஇஹி எரிமலையில் அது 30 மடங்கை எட்டுகிறது. மேல் மூடகத்தைப்போல் உருகிக் கலைந்துவிடாத ஏதோ ஓர் ஆழப்பகுதி அதற்குப் பங்களித்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம்.

ஸ்ட்ரோன்சியம், நியோடிமியம், ஈயம் ஆகியவற்றின் சமதானிகளும் (ஒரே தனிமத்தின் திணிவு வேறுபட்ட அணுக்கள்) இவ்வாறே பேசும். ஆனால் ஏறிவரும் குழம்பு பழைய கண்டப் பாறையைக் கரைத்து விழுங்கினால், ஸ்ட்ரோன்சியத்தின் விகிதம் மாறி, ஆழத்தின் கதையோடு மேலோட்டின் கதையும் கலந்துவிடும். கடலுப்பும் அப்படியே கெடுக்கும். அதனால்தான் சிதைந்த வெளித்தோலை நீக்கி, உள்ளேயுள்ள புதிய பகுதியை மட்டும் எடுத்து, அமிலத்தில் கழுவிய பிறகே அளக்கிறோம்.

எனவே கல்லைக் கொண்டுவருவோர், அது எந்தப் பாறையிலிருந்து, எந்த இடத்தில் உடைக்கப்பட்டது என்பதையும் எழுதிக் கொண்டுவாருங்கள். ஒலுவில் கரையில் கிடக்கும் பாறாங்கல், கடலரிப்பைத் தடுக்க லொறியில் வந்து இறங்கியதாகவும் இருக்கலாம்.