ஏறும்போது ரத்தத்தில் ஏறும் லாக்டேட்

அரூர் பக்கத்துத் தீர்த்தமலையில் குடும்பமாக ஏறுகிறவர்களைப் பாருங்கள். பத்து வயதுப் பையன் விறுவிறுவென ஓடுவான், நிற்பான், சற்று நேரத்தில் மறுபடி ஓடுவான். இருபத்தைந்து வயது அண்ணன் ஒரே மூச்சில் அவனை முந்திவிடுவார். ஆனால் நின்றதும் தொடை கனத்துவிடும், மூச்சு அடங்க நேரம் பிடிக்கும். தாத்தாவுக்கு அந்த வேகமே வராது. மூவரின் விரல் நுனியிலும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தசை அவசரமாக ஆற்றல் எடுக்கும்போது உண்டாகும் லாக்டேட் என்ற பொருளின் அளவைப் பார்த்தால் அண்ணனுடையதுதான் அதிகம் இருக்கும்.

சும்மா இருக்கும்போது எல்லோருக்கும் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல்தான். முழு வேகத்தில் போகும்போது, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் எடுக்கும் வழி மட்டும் தசைக்குப் போதாது. கிளைக்கோஜனாகச் சேமித்த குளுக்கோஸை அவசரமாக உடைக்கிறது. அதில் வரும் பைருவேட் லாக்டேட்டாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. பயிற்சி பெற்ற இளைஞர் 400 மீட்டரை முழு வேகத்தில் ஓடினால் 15 மில்லிமோலைத் தாண்டும், சிலருக்கு 20கூட வரும். ஓடி முடித்த உடனே ஊசி குத்தினால் இந்த உச்சம் தெரியாது. தசையிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரச் சில நிமிடங்கள் ஆகும்.

குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே நின்றுவிடுகிறது. ஏன்? 1970களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் 11 முதல் 13 வயதுச் சிறுவர்களின் தசைத் துணுக்குகளைச் சோதித்தபோது, குளுக்கோஸ் உடைப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ் என்ற நொதியின் செயல்பாடு பெரியவர்களைவிடக் குறைவாக இருந்தது. அப்புறம், தசையின் அளவே சிறியது. வேகமாகச் சுருங்கும் தசை நார்களை, அதாவது வேக நார்களை, முழுக்க வேலைக்கு இழுக்கும் திறனும் பருவம் எய்தும்போதுதான் கூடுகிறது. இதற்கு ஈடாகக் குழந்தையின் தசை ஆக்சிஜன் வழிக்குச் சீக்கிரமே மாறிக்கொள்கிறது. அதனால்தான் பையன் மறுபடி மறுபடி ஓடுகிறான்.

தாத்தாவுக்கும் எண் குறைவுதான், ஆனால் காரணம் வேறு. வயதாக ஆக வேக நார்கள் சுருங்கிக் குறைகின்றன. ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறனும் சேர்ந்தே இறங்குகிறது. வயதான பின்பும் விடாமல் வேக ஓட்டம் பழகுகிறவர்களிடம் இந்த இழப்பு குறைவு.

மைதானத்தில் இன்னும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது: மறுநாள் கால் வலித்தால், "லாக்டிக் ஆசிட் கட்டிக்கிச்சு." லாக்டிக் ஆசிட் என்று சொல்வது இந்த லாக்டேட்டைத்தான். ஆனால் இது சரியில்லை. ஏறிய லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். இதயமும் மற்றத் தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் அதைத் திரும்பக் குளுக்கோஸாக்குகிறது. இந்தச் சுழற்சியைக் கண்டறிந்த கார்ல், கெர்ட்டி கோரி தம்பதி 1947-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஓட்டம் முடிந்ததும் உட்காராமல் மெதுவாக நடந்தால் இன்னும் வேகமாகக் குறையும். மறுநாள் வலிக்குக் காரணம் தசை நார்களில் விழும் நுண்ணிய சேதம். மலை இறங்கும்போது லாக்டேட் அதிகம் ஏறுவதில்லை, ஆனால் தொடை அதிகம் வலிப்பது இறங்கியதால்தான்.

பயிற்சியாளர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பெரியவர்களுக்குத் தாங்கக்கூடிய வேகத்தைக் குறிக்க 4 மில்லிமோல் என்ற கோட்டைப் பயன்படுத்துவது வழக்கம். அதே 4ஐ வைத்துப் பத்து வயதுப் பிள்ளைக்கு வேகம் குறித்தால், பிள்ளையை அதன் உச்சத்துக்குப் பக்கத்திலேயே ஓட விடுகிறோம்.